மறதியும் பொச்சாப்பும்

அரசு அலுவலகத்துக்கு வந்து சேரும் ஒரு கடிதத்தின் வாழ்க்கை மிகவும் ஒழுங்கானது. உறையைப் பிரித்தவுடன் அதன் நெற்றியில் நாள் முத்திரை விழுகிறது. வரவுப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. எந்தப் பிரிவுக்கு, எந்த எழுத்தரின் மேசைக்கு என்பது எழுதப்படுகிறது. வேலை முடிந்து கோப்பு மூடப்படும்போது, அது எத்தனை ஆண்டு உயிர்வாழ வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிறது. மத்திய அரசின் நடைமுறையில் இதற்கு மூன்று வகுப்புகள் உண்டு. என்றென்றும் காக்கவேண்டியதும், மூலத் தாள் அழிந்தாலும் பொருள் அழியாதபடி படம் எடுத்து வைக்கவேண்டியதும் 'ஏ' வகுப்பு. நிலையாகக் காக்கவேண்டியதாயினும் படம் எடுக்கத் தேவையில்லாதது 'பி'. குறித்த காலம் வரை, மிஞ்சினால் பத்தாண்டு வரை வைத்திருந்து அழித்துவிடத் தக்கது 'சி'. அழிப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, 1892க்கு முன் எழுதப்பட்ட எந்த அரசு ஆவணத்தையும், அது பயன்படாத அளவுக்குச் சிதைந்துபோனாலன்றி, யாரும் அழிக்கலாகாது.

இருபது ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்து உண்டு வரும் நான், என் சொந்த வாழ்க்கைக்கு வந்து சேரும் செய்திகளை இவ்வாறு நடத்தத் தெரியாதவனாக இருந்தேன். சங்கத்து அன்பர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் இதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்க வழியில்லை.

கஞ்சிக்கோட்டில் வாழும் நம் போன்ற ஒருவரது கைப்பேசியைக் காலையில் திறந்து பார்ப்போம். பிறந்த ஊர்ச் சுற்றத்தார் குழு ஒன்று. மனைவி வழிச் சுற்றத்தார் குழு ஒன்று. அலுவலகக் குழுக்கள் இரண்டு, மேலதிகாரி இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. மகளின் வகுப்புக் குழு மலையாளத்தில். தண்ணீர் வரும் நேரத்தையும் வாளையாற்றுப் பக்கம் யானை இறங்கிய செய்தியையும் ஒரே மூச்சில் அறிவிக்கும் குடியிருப்போர் குழு. கல்லூரித் தோழர் குழு. நம் சங்கத்தின் குழு. இவையன்றி மின்னஞ்சல், வங்கியின் குறுஞ்செய்தி, கடைக்காரரின் தள்ளுபடி அறிவிப்பு. தாமரைப் பூவின்மேல் காலை வணக்கம் எழுதிய படங்கள் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது வந்ததுண்டு. அந்த நாற்பதுக்கும் நடுவில் உண்மையான செய்தி ஒன்று, அதே அளவு எழுத்தில், அதே நிறத்தில், அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படி ஒரு செய்தி வந்தது. கணவாய்க் காற்று ஓடுகளைத் தூக்கும் காலம் அது. என் தந்தையின் தமையனார் உடுமலைப்பேட்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருந்தார். என்னைப் பட்டப்படிப்புக்கு அனுப்பிய செலவு அவருடையது. அவர் ஒரு வியாழக்கிழமை மாலை முப்பத்தெட்டு விநாடிக்குத் தம் குரலைப் பதிந்து எனக்கு அனுப்பினார். நான் அதைக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை இரவு. "கண்ணு, நல்லாருக்கியா? ஒண்ணுமில்ல, நம்ம மேக்காட்டுப் பத்திரத்த நீ போட்டோ புடிச்சு வெச்சிருந்தியல்ல, அதுல செக்குபந்தியில கெழக்க ஒரு மரம் எழுதியிருக்கும். அது என்ன மரம்னு பாத்துச் சொல்லு. அவசரமில்ல."

அந்தப் பத்திரம் கரையானுக்கு இரையாகிவிடக் கூடாதென்று பல ஆண்டுகளுக்கு முன் நானே படம் எடுத்தது உண்மைதான். நிலம் என்றோ கைமாறிவிட்டது. அதில் வழக்கோ வில்லங்கமோ இல்லை. அன்றிரவு ஒரு மணி நேரம் தேடினேன். கைப்பேசியில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. திருமணப் பந்திகள், மகளின் வீட்டுப்பாடங்கள், மின்கட்டண ரசீதுகள், நாற்பது நாற்பதாகத் தாமரைப் பூக்கள். பத்திரம் கிடைக்கவில்லை. அவசரமில்லை என்றாரே என்று படுத்துவிட்டேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லவும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை விடியுமுன் ஊரிலிருந்து அழைப்பு வந்தது.

அந்தச் செய்தியை உடனே கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நெஞ்சு நின்றுபோவதற்கும் மரத்தின் பெயருக்கும் தொடர்பில்லை. இருந்தாலும், பொள்ளாச்சி வழியாகப் பேருந்தில் போகும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. கேட்காமல் விட்டது என் குற்றமா, அல்லது எவராலும் நீந்த முடியாத வெள்ளத்தின் குற்றமா? வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டால் மனம் இலேசாகும். எனினும் அந்த மூன்று நாட்களில் நான் கைப்பேசியைத் தொடாமல் இருந்தேனா என்றால் இல்லை. கிரிக்கெட்டு ஓட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எவரோ எவரையோ ஏசியதை முழுதும் படித்திருக்கிறேன்.

திருக்குறளின் அரசியலில் ஐம்பத்து நான்காம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று பெயர். பொச்சாப்பு என்பதை மறதி என்று பள்ளியில் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நினைவிலிருந்து ஒன்று நழுவிப்போவது மறதி. அதற்கு முதுமையோ நோயோ காரணமாகலாம். நினைக்கவேண்டியதை, மகிழ்ச்சியில் மயங்கி, நினைக்காமல் விடுவது பொச்சாப்பு. அளவு கடந்த சினத்தைவிட அது தீது என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. இதற்கு முந்தைய அதிகாரம் எது என்று பார்த்தபோது எனக்கு உறைத்தது. அது சுற்றந்தழால். உறவினரை அணைத்துக்கொள்ளச் சொன்ன கையோடு அசட்டையைப் பற்றிப் பேசுகிறார் வள்ளுவர். உரையாசிரியர்கள் இந்த வைப்புமுறைக்கு வேறு காரணம் காட்டலாம். எனக்கு அன்று தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் ஆற்றல் தமிழர்க்குப் புதிதன்று. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் கருத்தூன்றிச் சதாவதானி என்று பெயர் பெற்றார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார். ஒருவர் கணக்குக் கேட்பார். முதுகில் விழும் கற்களை எண்ணவேண்டும். இடையிடையே அடிக்கும் மணியையும் எண்ணவேண்டும். நினைத்தாலே தலை சுற்றும் அருஞ்செயல். ஆனாலும் அவருக்கு இருந்த இரண்டு வசதிகள் நமக்கில்லை. கேட்டவர் அனைவரும் ஓர் அவையில் முகம் தெரிய அமர்ந்திருந்தார்கள். நிகழ்ச்சிக்கு முடிவு என்று ஒரு நேரம் இருந்தது. நம் கையிலுள்ள கருவியோ பயிற்சியில்லாத ஒவ்வொருவரையும் சதாவதானியாக்கி, முடிவு நேரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

கருவியைத் தூக்கி எறிந்துவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். துறவிக்கு அது பொருந்தும். எல்லை தாண்டிப் பிழைக்க வந்த குடும்பங்களுக்குப் பொருந்துமா? நமக்குத் தாள்கள்தாம் வேர். 1956 நவம்பர் வரை இந்தப் பாலக்காடும் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. கோடு விழுந்தபின் ஒரே குடும்பத்தின் தாள்கள் இரண்டு மாநிலங்களில் சிதறின. பட்டா அங்கே, குடும்ப அட்டை இங்கே. தகப்பனின் பள்ளிச் சான்று பொள்ளாச்சியில், பிள்ளையின் பிறப்புச் சான்று பாலக்காட்டில். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சாதிச் சான்று கேட்டுப் போனால், 1950இல் உங்கள் முன்னோர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தார்கள் என்ற கேள்வி எழும். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தாவின் பெயர் உள்ள ஏதேனும் ஒரு துண்டுத் தாளுக்காக அலைவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். நமக்கு வரும் செய்திகளில் பெரும்பகுதி பதர் என்பது உண்மை. நெல்லும் அதே மூட்டையில்தான் வருகிறது என்பதும் உண்மை.

ஆகவே புடைக்கக் கற்றுக்கொள்வதே வழி என்று முடிவு செய்தேன். முறத்தைக் காட்டித் தந்தவள் என் மகள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே நடத்தப்படுகிறது. பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் கருவின்மேல் அமைந்த ஓர் இயக்குதளத்தை அரசின் கைட் நிறுவனமே தொகுத்து வழங்குகிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் தமிழிலும் உண்டு. 2001ஆம் ஆண்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கி வைக்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில்தான். இவையெல்லாம் நான் குடியிருக்கும் மாநிலத்தில் நடந்தவை. அலுவலகத்தில் வேறு மென்பொருளில் பழகிய எனக்கு எதுவும் தெரியாது. "அப்பா, இதுல எல்லாப் படத்தையும் தேதிவாரியாப் பாக்கலாம்" என்று அவள் டிஜிகேம் என்ற ஒன்றைத் திறந்து காட்டினாள். கைப்பேசியின் ஒன்பதாயிரம் படங்களும் ஆண்டு, மாதம், நாள் என்று வரிசையில் நின்றன.

ஆங்கிலத்தில் இவ்வகை மென்பொருளைக் குறிக்கும் சொல் ஒரு மயக்கத்தைத் தரும். விலையில்லாதது, விடுதலையுடையது என்ற இரண்டு பொருளுக்கும் அங்கே ஒரே சொல். மலையாளத்தார் சுவதந்திரம் என்றனர். நாம் கட்டற்ற என்றோம். இரண்டு மொழியிலும் மயக்கம் தீர்ந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். அவ்வியக்கம் பின்னர் வகுத்துக்கொண்ட உரிமைகள் நான்கு: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், பிறர்க்குப் படி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். முதற்பார்வையில் இவை நிரல் எழுதுவோரின் உரிமைகளாகத் தோன்றும். என் போன்ற எழுத்தனுக்கு இவற்றால் என்ன பயன் என்று நானும் கேட்டேன்.

விடை நம் சங்கத்தின் பழைய மலர் ஒன்றிலிருந்து கிடைத்தது. அச்சிட்ட படிகள் கைக்கொன்றாகப் போய்விட்டன. கணினிக் கோப்பு மட்டும் ஒரு வட்டில் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் தாறுமாறாக நிற்கின்றன. ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஒருங்குறி பரவாத காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். ஒவ்வொருவர் வைப்புமுறையும் வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரையும் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியேற்றங்கள் ஏற்கப்பட்டன; 2010இல்தான் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவற்றில் எத்தனை திறவாத பெட்டிகளாகக் கிடக்கின்றனவோ!

இதற்கு மாறான ஒன்றையும் பார்க்கவேண்டும். 1998 பொங்கலன்று உலகெங்கும் இருந்த தமிழர் சிலர் கூலி வாங்காமல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் வைத்தது. ஒருங்குறிக்கு மாறுமுன் அதுவும் திஸ்கி என்ற குறியேற்றத்தில்தான் இருந்தது. ஆனால் அக்குறியேற்றத்தின் பட்டியல் எல்லோர்க்கும் திறந்து கிடந்தமையால், காலம் மாறியபோது நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. நம் மலரும் பிழைத்தது. தமிழ் ஆர்வலர்கள் எழுதிக் கட்டற்று விட்டிருந்த ஒரு மாற்றியைக் கொண்டு, பல இரவுகள் பிழை திருத்தி, அதை மீட்டோம்.

இதில் ஓர் அறக்கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நாம் சேர்த்து வைக்கும் செய்திகளில் நமக்கே உரியவை எத்தனை? பெரியப்பாவின் குரல் எனக்குச் சொந்தமா? அந்தப் பத்திரம், அதில் கையெழுத்திட்டும் கைநாட்டு வைத்தும் மறைந்தவர்களின் பெயர்கள், மகளின் குழந்தைப் படங்கள், சங்கத்தின் கணக்கு எல்லாம் அடைக்கலப் பொருள்கள். வந்தவர் கேட்டால் திறந்து காட்டத் தக்க பெட்டியில்தான் அடைக்கலப் பொருளை வைக்கவேண்டும். சாவி மூன்றாமவர் கையில் இருந்தால், அவர் நல்லவரே ஆயினும், கடையைக் கட்டும் நாளில் என்ன செய்வது? கூகுள் நிறுவனம் தன் செய்தியோடை வாசிப்பானை 2013 ஜூலை முதல் நாளோடு நிறுத்தியது. உலகெங்கும் எத்தனையோ குழுக்கள் மடல்களைச் சேர்த்து வைத்திருந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. அவர்கள் முன்னறிவிப்புச் செய்தே மூடினார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வீட்டில் குலதெய்வத்தைப் பிரதிட்டை செய்தவன்தான் யோசித்திருக்கவேண்டும். கட்டற்ற கருவிகளும் சாகும். எழுதியவர் சலித்து விட்டுவிட்டுப் போவதுண்டு. ஆனால் அவை விட்டுச்செல்லும் கோப்பு வெறும் எழுத்தாக இருக்கும். வேறொரு கருவி அதைத் திறக்கும்.

இனி என் முறத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் நான் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, குறிப்புகளுக்கு ஜோப்லின், படங்களுக்கு டிஜிகேம், நூல்களுக்குக் காலிபர் (இதை எழுதத் தொடங்கியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர் என்பதில் எனக்கொரு பெருமிதம்), கைப்பேசியும் கணினியும் ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொள்ளச் சிங்திங். ஒவ்வொன்றிலும் குறிச்சொல் இடலாம் என்று அறிந்ததும் இடத் தொடங்கினேன். நூற்று நாற்பது குறிச்சொற்கள் சேர்ந்தன. 'சுற்றம்' என்று ஒன்று, 'உறவு' என்று ஒன்று, 'சொந்தம்' என்று ஒன்று. எது எதற்கென்று எனக்கே மறந்தது. செய்தி வெள்ளத்தை அடக்கப் போனவன் கருவி வெள்ளத்தில் மிதந்தேன். ஒரு ஞாயிறு முழுதும் இப்படிக் கழிந்தபின் என் மனைவி கேட்டாள்: "இத்தனையும் அடுக்கி வெக்கிறீங்களே, பெரியம்மாவுக்கு ஒரு போன் பண்ணுனீங்களா?" பண்ணியிருக்கவில்லை.

அந்த நாளில்தான் சீகாழி ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இலண்டன் சென்று பயின்று வந்து, 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். இலண்டன் கடையொன்றில் சில துண்டுகளை இணைத்துப் பலவகைப் பொம்மைகள் செய்யும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டதே அந்தப் பகுப்புக்கு வித்து என்பர். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், எதைப் பற்றியது, எப்பொருளால் ஆனது, என்ன நிகழ்கிறது, எங்கே, எப்போது என்று ஐந்து முகங்களாகப் பார்த்தார். இன்று குறிச்சொல் என்று புதுமையாகப் பேசப்படுவதன் பாட்டனார் அவர். அவருடைய ஐந்து விதிகளுள் எனக்கு உறைத்தது நான்காவது: வாசகனின் காலத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பது. நான் மிச்சப்படுத்துவதை விட்டு அடுக்குவதிலேயே காலத்தைத் தின்றுகொண்டிருந்தேன். நூற்று நாற்பதை அழித்து யார், எது, எங்கே, எப்போது என்ற நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். ஐந்தாவதாக என் அலுவலகத்து ஏ, பி, சி.

ஏ என்று குறித்தவை இரண்டு வட்டுகளில் படி எடுக்கப்படும்; ஒரு வட்டு கோயம்புத்தூரில் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. சி என்று குறித்தவை ஆண்டு முடிவில் போகும். தாமரைப் பூக்கள் குறியே பெறாமல் அன்றன்றே போகும். மின்னஞ்சலில் வங்கிக்கு ஒரு அடைவு, அலுவலகத்துக்கு ஒன்று, கடைக்காரர் அனைவர்க்கும் சேர்த்து நான் திறவாத ஒன்று. குழுக்களின் மணியோசையை அடக்கிவிட்டேன். முதியவர் எழுவரின் பெயருக்கு மட்டும் ஒலி உண்டு.

இந்த சி வகுப்பைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் இன்னும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்கள், இதழ்கள் என்பவற்றோடு நில்லாமல் நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், துண்டுத்தாள்கள் என்று எல்லோரும் வீசியெறிந்தவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கி, கடல் கடக்கவிடாமல், 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. என் அலுவலக விதியைக் கொண்டு அவர் வீட்டை நான் சோதித்திருந்தால் பாதியைச் சி என்று குறித்திருப்பேன். எது பதர் என்று தீர்மானிக்கும் உரிமை இன்றைய எனக்கு எவ்வளவு உண்டு? இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆண்டு முடிவில் அழிக்குமுன் ஒரு மாலை உட்கார்ந்து ஒருமுறை பார்க்கிறேன். பார்த்தபின் சிலவற்றை விட்டுவைக்கிறேன். அவ்வளவே என்னால் முடிந்தது.

பத்திரம் இந்த வேலையின் நடுவில் அகப்பட்டது. அச்சுத் தமிழைப் படித்துத் தட்டெழுத்தாக்கித் தரும் டெசராக்ட் என்ற கட்டற்ற கருவி உண்டு. அதை ஏவிப் பார்த்தேன். பத்திரம் எழுதியவரின் கூட்டெழுத்தின் முன் அது தோற்றது. ஆகவே வரிசையில் நின்ற படங்களை இரவுக்கு முந்நூறு என்று என் கண்ணாலேயே பார்த்துப் போனேன். இருபத்தோராம் இரவில், ஒரு காதுகுத்துப் பந்திக்கும் ஒரு மருந்துச் சீட்டுக்கும் நடுவில், முத்திரைத்தாளின் தலை தெரிந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் செக்குபந்தி. கிழக்கில் இலுப்பை மரம்.

யார், எது, எங்கே, எப்போது என்று குறித்தேன். ஏ என்று குறித்தேன். பெரியப்பாவின் முப்பத்தெட்டு விநாடிக் குரலையும் அதன் அருகிலேயே அதே குறிகளோடு வைத்தேன். கேள்வி ஒரு கோப்பு, விடை ஒரு கோப்பு.

தலைத் திவசத்துக்குப் போயிருந்தபோது திண்ணையில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த மரம் இலுப்பை, கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

"தெரியுங் கண்ணு" என்றார்கள் பெரியம்மா. "அந்த மரத்தடியிலதான நாங்க கஞ்சி குடிப்பம். அவருக்குந்தான் தெரியும்."